உள்ளே போகும் காற்று

வெளியே முப்பத்து மூன்று.
எஞ்சினுக்குள் போகும் காற்று அறுபத்தெட்டு.
பம்பலப்பிட்டியில் கலர் லைட் சிவந்து
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்த
தீப்பெட்டி அளவு திரையில்
அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அறுபத்தொன்பது.
ஏசியைப் போடேன் என்கிறான் கபிலாஷ்.
போடமாட்டேன்.
நமக்குக் குளிர்ந்தால் அதற்குச் சுடும்.

இது வேகப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.
நூறாம் நம்பர் பஸ்ஸின் புகைக்குப் பின்னால்
என்ன வேகம்?
மூன்று வருஷமாக நான் துரத்துவது
பத்தே பத்துப் பாகை.

காற்றை நெருக்கினால் சூடாகும்,
அவ்வளவுதான் பௌதிகம்.
சுப்பர்சார்ஜர் அதைப் பிடித்து, மடித்து,
நாலு சிலிண்டருக்குள்ளும் திணிக்கிறது.
போகிற வழியில் ஆற்றிவிட ஓர் இன்டர்கூலர்.
அதைக் கொண்டுபோய்
எஞ்சினின் தலைமேலேயே வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன்,
அடுப்பின் மேல் ஐஸ்பெட்டி மாதிரி.
ஓடினால் பொனட்டின் மூக்கு வழியே காற்று வரும்.
நின்றால் அடுப்பு மட்டும்தான்.
அவன் ஊரில் மழை. அவனுக்கென்ன.

பஞ்சிகாவத்தையில் ஷிஹாம்
மூக்கைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டினான்.
எக்ஸோஸ்ட் குழாய்க்குச் சூடு தாங்கும் துணியை
முறிந்த காலுக்குக் கட்டுப்போடுவதுபோல் சுற்றினான்.
வைப்பருக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டரை
இன்டர்கூலர் பக்கம் திருப்பி
ஒரு பொத்தான் வைத்துத் தந்தான்:
அழுத்தினால் தூறும்.
"இதுக்கு மேல ஏலா.
நீங்க நுவரெலியால ஊடு ஒண்டு பாருங்க."

ஐஸும் வைத்துப் பார்த்தேன்.
வெள்ளவத்தைச் சந்தையில்
பாரை மீன் கிடந்த ஐஸ், ஒரு சீலைப்பை நிறைய.
அங்கே வைத்தது பம்பலப்பிட்டியில் தண்ணீர்.
ஒரு கிழமைக்குக் காருக்குள் மீன்வாடை.
அலுவலகத்தில் கணக்குப் பிரிவே
ஜன்னலைத் திறந்து வைத்தது.

எழுபது.

எழுபதில் கணினி ஒரு வேலை செய்யும்.
வெடித்துவிடக் கூடாதென்று
தீப்பொறியைக் கொஞ்சம் பிந்திப் போடும்.
கால் அழுத்தினாலும் கார் யோசிக்கும்.
சத்தம் இருக்கும், பலம் இராது.

"கல்கரியில் இப்பவும் பனி," என்கிறான் கபிலாஷ்.
"காற்று அங்கே சும்மா கிடைக்குது, மைனஸ் எட்டு."
கடிதம் வந்து பதினொரு நாள்.
என் பெயர் இரண்டாவதாக, சரியான எழுத்துகளில்.
காருக்கு அதில் இடமில்லை, தெரியும்.
காரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதுபோல்
இருவரும் திரையையே பார்க்கிறோம்.

நாக்கு நுனியில் வந்ததை
கொஞ்சம் பிந்திப் போடுகிறேன்.
பிறகு போடவேயில்லை.

பச்சை.
ஸ்டேஷன் வீதியால் இறங்கி
மெரின் டிரைவில் தெற்கே திரும்புகிறேன்.
வலப்பக்கம் முழுக்கக் கடல்,
அதற்கும் எனக்கும் இடையில் தண்டவாளம்.
இங்கேயும் வாகனம் நகரவில்லை,
ஆனால் உப்புக்காற்று பொனட்டைத் தடவுகிறது.
அறுபத்தாறு. அறுபத்து மூன்று.
அப்போதுதான் பாணந்துறை ரயில் வந்தது.

ரயில் காற்றைக் கொண்டுவரும் என்று நினைத்திருந்தேன்.
மறித்தது.
ஒவ்வொரு பெட்டியாக, வாசலில் தொங்கும் ஆட்களோடு,
ஒரு சுவர் கடலுக்கு முன்னால் ஊர்ந்தது.
அறுபத்தாறு. அறுபத்தொன்பது. எழுபத்திரண்டு.
பொத்தானை அழுத்தினேன், தூறியது,
ஆவி கண்ணாடியில் ஏறியது.
கபிலாஷ் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி
எதிர்த்த சுவர் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பெட்டி போனதும்
கடல் மொத்தமாக வந்து விழுந்தது.

முன்னால் வழி விட்டது.
இரண்டாம் கியர், மூன்றாம் கியர்,
சுப்பர்சார்ஜர் தன் மெல்லிய சீழ்க்கையைத் தொடங்கியது.
ஐம்பத்தொன்பது, ஐம்பத்து மூன்று,
நாற்பத்தேழு.

"என்னவோ சொல்ல வந்தாய்," என்றான்.
தண்ணீர் முடிந்துவிட்டது என்று
ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.
"தண்ணி வாங்கவேணும்," என்றேன்.